நான் கழுவின குழாய்

ஜன்னலச் சாத்திராதம்மா, எனக்குக் காத்து வேணும். இந்தப் பைய நான் மடியில வச்சுக்கிடுதேன், நீ நல்லா உக்காரு. உள்ள மாலை இருக்கு, கசங்கிரக் கூடாது. டீச்சரா நீ? சொல்லவே வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நான் நடுத்தேரிக்குப் போறேன். இன்னைக்கி என் தம்பிக்கு வருஷம் திரும்புது. சுயம்புலிங்கம்னு பேரு, முப்பத்தெட்டு வயசு. போன புரட்டாசியில பாம்பு கடிச்சுச் செத்தான்.

ச்சு கொட்டாத. ச்சு கொட்டுதவங்களப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு. நான் அழுறதுக்குப் போகல. எனக்கு ஒரு நாயம் இருக்கு, அதோட போறேன். நீயே கேட்டுட்டுச் சொல்லு, என் மேல என்ன தப்புன்னு. ஊர் போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கு, நீயும் சும்மாதானே வாரே.

என் பேரு செல்வக்கனி. டவுன்ல ஒரு பெரிய மெடிக்கல் காலேஜுல ஆராய்ச்சி லேப்ல அட்டெண்டரு. எந்தக் காலேஜுன்னு வேண்டாம். இருவத்தாறு வருஷ சர்வீசு. அங்க இருக்க ஒவ்வொரு கண்ணாடிச் சாமானும் என் கையி பட்டதுதான். சுத்தமான கண்ணாடின்னா எப்பிடிக் கண்டுபிடிக்கணும் தெரியுமா? தண்ணிய ஊத்திக் கவுத்தா, முத்து முத்தா ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. ஒரே படலமா வழுக்கி எறங்கணும். முத்து நின்னா இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம். புதுசா வார புள்ளைங்களுக்கு நான்தான் இதச் சொல்லிக் குடுப்பேன். எத்தனையோ டாக்டர் பட்டம் நான் கழுவிக் குடுத்த கண்ணாடியில வாங்கினது. சுத்தம் சோறு போடும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு இருவத்தாறு வருஷமா போட்டிருக்கு.

அப்பேர்ப்பட்ட என்னய, ‘கழுவினதுதான் தப்பு’ன்னு சொல்லிட்டாங்கம்மா. அதான் விஷயம்.

இரு, மொதல்ல இருந்து சொல்லுதேன்.

என் தம்பி நடுத்தேரியில முருங்கை போட்டிருந்தான். செம்மண் தேரி, வெள்ளன போனாத்தான் காய் பறிக்க முடியும், வெயில் ஏறிட்டா கால் வைக்க முடியாது. காலையில ஏழரை மணிக்குக் காய்ச் சாக்கத் தூக்கியிருக்கான், அடியில கண்ணாடி விரியன். கணுக்கால்ல போட்டுட்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பைக்க எடுக்க, என் தம்பி பொஞ்சாதி லிங்கபுஷ்பம் பின்னால இவனப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, ஊர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துட்டாங்க. தோட்டத்துல இருந்து அஞ்சு நிமிஷம். அங்கன நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடுதா. ஏன் எனக்குப் போடுதா? குடும்பத்துல விவரம் தெரிஞ்சவ நான். புள்ளைக்குக் காச்சல்னாலும் எனக்குத்தான் போன் வரும்.

நான் சொன்னேன், “உள்ள போகாதே”ன்னு.

ஆமா, நான்தான் சொன்னேன், இல்லைங்கல. அது ஆரம்ப சுகாதார நிலையம். காச்சல் மாத்திரையும் பஞ்சும்தான் இருக்கும். இங்க எங்க பெரிய ஆஸ்பத்திரில எனக்கு அத்தன டாக்டரும் பழக்கம். ‘அக்கா’ன்னு கூப்பிடுவாங்க. “நேரா டவுனுக்குக் கொண்டா, நான் வாசல்ல நிக்கேன், ஸ்ட்ரெச்சர் ரெடியா வச்சிருக்கேன்”னேன். யாராயிருந்தாலும் அதத்தானே சொல்லுவாங்க? நீ சொல்ல மாட்டியா?

இதுல ஒரு கூத்து கேளு. அந்த ஆஸ்பத்திரில இருந்து ஒரு சின்னப் புள்ள, நர்சாம், வீல்சேரத் தள்ளிக்கிட்டு வாசலுக்கே வந்துட்டு. லிங்கபுஷ்பத்துக் கையில இருந்து போன வாங்கி எங்கிட்டயே பேசுது. “அக்கா, உள்ள கொண்டுவரச் சொல்லுங்க, ஊசி போட்டுட்டு நாங்களே ஆம்புலன்சுல அனுப்புதோம்”னுது. என்ன ஊசி போடப்போறா, டி.டி. ஊசியா? நான் கேட்டேன், “ஒனக்கு எத்தன வருஷ சர்வீசு?”ன்னு. “எட்டு மாசம்”னுது. “எனக்கு இருவத்தஞ்சு வருஷம். போன அவகிட்ட குடு”ன்னேன். குடுத்துட்டு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

வேன் புடிச்சு வந்தாங்க. நடுவுல ரயில்வே கேட்டுல நின்னுட்டாங்க. கேட்ட நானா மூடினேன்? ரெண்டே கால் மணி நேரம் ஆயிட்டு. நான் சொன்ன மாதிரியே வாசல்ல நின்னேன், ஸ்ட்ரெச்சர் ரெடி, டாக்டர் ரெடி. என் பேச்சுல எதாவது கொறை இருந்துச்சா? இல்ல.

விரியன் கடிச்சா ரத்தத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து இருவது நிமிஷம் ஆடாம அசையாம வைப்பாங்க. பொறவு மெதுவாச் சாய்ச்சுப் பாப்பாங்க. நல்ல ரத்தம்னா அல்வா மாதிரி ஒறைஞ்சு நிக்கும். வெஷம் ஏறின ரத்தம்னா தண்ணியா ஓடும். என் தம்பி ரத்தம் ஓடிச்சு. மருந்து ஏத்தினாங்க. ஆறு மணி நேரம் கழிச்சுத் திரும்பச் சோதிச்சாங்க, ஓடிச்சு. இன்னும் ஏத்தினாங்க. குப்பி குப்பியா ஏத்தினாங்கம்மா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மூணாம் நாளு கிட்னி நின்னுட்டு. அவ்வளவுதான், போயிட்டான். எங்கம்மா போன பொறவு நான் தூக்கி வளத்த புள்ள.

சரி, இப்ப நீ சொல்லு. அத்தன குப்பி ஏத்தியும் கேக்கலைன்னா, தப்பு யார் மேல? மருந்து மேலதானே?

ஆனா பதினாறாம் நாளு, பந்தல்ல அத்தன பேரும் இருக்கும்போது, லிங்கபுஷ்பம் என்னயப் பாத்துக் கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கல. “அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி இருந்துச்சே மதினி”ன்னா. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு எங்கிட்டப் பேசல. போன் அடிச்சா எடுக்கல. பொங்கலுக்குப் போனேன், முறத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

அப்பத்தான் ரிஸ்வானா வந்து சேந்தா. மேலப்பாளையத்துப் புள்ள, ஒல்லிக்குச்சி, சோடாப்புட்டிக் கண்ணாடி. எங்க லேப்ல ஆராய்ச்சி மாணவி. அவ எடுத்துக்கிட்ட விஷயம் என்ன தெரியுமா? பாம்பு வெஷம்! மருந்து செய்யறதுக்கு எடுக்குற வெஷம் வேற ஊர்ப் பக்கத்துப் பாம்புல இருந்து வருதாம். நம்ம தேரிக்காட்டு விரியன் வெஷத்துக்கு அந்த மருந்து கேக்குமா கேக்காதா, அதத்தான் சோதிச்சுப் பாக்கப்போறேன்னா. கேட்ட உடனே எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு. தெய்வமாப் பாத்து அனுப்பின மாதிரில்லா இருக்கு.

வெஷம்னா நீ என்னமோ பச்சையா, நீலமா இருக்கும்னு நெனப்ப. மஞ்சப் பொடிம்மா, கல்லுப்பு மாதிரி. வனத்துறை அனுமதி வாங்கி, பூட்டின ஃப்ரீசருக்குள்ள சின்னக் குப்பியில கெடக்கும். “வெஷம் ஒரே சாமான் இல்லக்கா, பல என்சைம் சேந்த கூட்டு”ன்னு சொல்லுவா. “கறி மெதுவா வேகறதுக்குப் பப்பாளிக்காய் போடுதோம்லா, அதுலயும் என்சைம்தான் இருக்கு. அது கறிய எளக்கும். இது ஒடம்ப எளக்கும்”பா. விரியன் வெஷத்துல ஒரு என்சைம், ரத்தம் ஒறையறதுக்கு வேண்டிய சாமானையெல்லாம் மொதல்லயே செலவழிச்சுத் தீத்துப்போடுமாம். பொறவு ஒறையச் சொன்னா எதவச்சு ஒறையும்? இன்னொண்ணும் சொல்லுவா. “மருந்து வெஷத்தத்தான் புடிக்கும்க்கா. வெஷம் செஞ்சு முடிச்ச வேலையத் திருப்பி வைக்காது. அதனாலதான் நேரம் முக்கியம்”னு. நல்லா வெவரமாச் சொல்லுவா. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

மொத நாளே என்னயக் கூப்பிட்டுச் சொல்லுதா, “அக்கா, இந்த ரத்தம் ஒறையிற குழாய மட்டும் கழுவாதீங்க. எல்லாம் புதுசு. ஒரு தடவ, தூக்கிப் போட்டுரணும்”னு.

என்னயப் பாத்து, கழுவாதீங்கங்கா! நேத்து வந்தவ. மீனப் பாத்து நீந்தாதன்னு சொன்ன மாதிரி. நான் என் வேலையப் பாக்கப் போயிட்டேன்.

வேலை இதான். வெஷத்தையும் மருந்தையும் கலந்து, ஒடம்புச் சூட்டுல அர மணி நேரம் வைப்பா. பொறவு அதுல புது ரத்தத்த விடுவா. எங்க டிப்பார்ட்மெண்ட்ல சம்மதம் எழுதிக் குடுத்தவங்க ரத்தம், நானும் குடுத்திருக்கேன். இருவது நிமிஷம். ஒறைஞ்சா மருந்து வெஷத்தப் புடிச்சிருக்கு. ஓடினா புடிக்கல. இன்னொரு குழாய்ல வெஷமே இல்லாம வெறும் ரத்தம், ஒப்புப் பாக்க.

மொத வாரம் பூரா ஒறைஞ்சுது. நான் பக்கத்துலயே நிப்பேன். அவ சாய்ப்பா, கட்டியா நிக்கும். சாய்ப்பா, நிக்கும். “நல்லா வேலை செய்யுதுக்கா மருந்து”ன்னு சிரிச்சா. அந்த வாரம் எனக்குச் சோறு எறங்கல. வயித்துக் கோளாறு, வேற ஒண்ணுமில்ல.

அடுத்த வாரத்துல இருந்து நான் குழாயக் கழுவ ஆரம்பிச்சேன்.

பின்ன? அத்தன அழகான குழாய், ஒரு கீறல் இல்ல, தூக்கிப் போட மனசு வருமா? குப்பையில போட்டதுகள எடுத்து, ப்ளீச்சுல ஊறப்போட்டு, சோப்புத்தூள் போட்டு நார் விட்டுத் தேச்சு, ஓவன்ல காயவச்சு, புது டப்பாவுலயே திருப்பி அடுக்கிருவேன். சோதனைக்குக் குழாய் நிக்க வைக்கிற தாங்கில அடுக்கிக் குடுக்கறது நான்தான். அவளால கண்டுபிடிக்க முடியல. புதுசுக்கும் நான் கழுவினதுக்கும் வித்தியாசம் தெரியலன்னா என் கை எப்பேர்ப்பட்ட கைன்னு பாத்துக்கோ. ஒப்புப் பாக்கற குழாய மட்டும் அவளே புதுப் பாக்கெட்டப் பிரிச்சு எடுப்பா, மேசையில தனியா வச்சிருப்பா.

அந்த வாரத்துல இருந்து ரத்தம் ஓட ஆரம்பிச்சிட்டு! வெஷமும் மருந்தும் கலந்தது அத்தனையும் ஓடுது. வெறும் ரத்தம் மட்டும் ஒறையுது. ரிஸ்வானா முழிக்கா. “மொத வாரம் நான்தான் எதோ தப்புப் பண்ணிட்டேன் போல”ன்னு, மொத வாரக் கணக்க அடிச்சிட்டுத் திரும்பச் செய்யுதா. ஓடுது. மே, ஜூன், ஜூலை, மூணு மாசம் ஓடுச்சு. எங்க வேதநாயகம் சார், அவர்தான் தலைவரு, “பெரிய விஷயம்மா இது, நம்ம மாவட்டத்துப் பாம்புக்கு இந்த மருந்து கேக்கலைன்னு ஒலகத்துக்கே சொல்லணும்”னாரு. நான் கதவு கிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கி எனக்கு வயித்துக் கோளாறு சரியாப் போச்சு.

அந்த ஞாயித்துக்கெழமையே நடுத்தேரிக்கு ஓடினேன். லிங்கபுஷ்பம் வாசல்ல முருங்கக்காய் கட்டிக்கிட்டு இருந்தா. உள்ள எந்திரிச்சுப் போகப் பாத்தா. கையப் புடிச்சு உக்காரவச்சுச் சொன்னேன். “ஏளா, லேப்புல நிரூபிச்சாச்சு. நம்ம பாம்புக்கு அந்த மருந்தே கேக்காது. எங்கன கொண்டுபோயிருந்தாலும் அவன் பொழச்சிருக்க மாட்டான்”னேன். அவ கட்டிக்கிட்டு இருந்த காயத் தள்ளி வச்சா. பொறவு கட்டிப்புடிச்சு அழுதா பாரு, அப்பிடி ஒரு அழுகை. “அப்ப யார் மேலயும் தப்பில்லையா மதினி?”ன்னா. “இல்லடி”ன்னேன். அன்னைக்கி அவ வச்ச மீன்கொழம்ப நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன். பத்து மாசத்துக்குப் பொறவு அந்த வீட்ல ஒரு வாய் சோறு. “அந்தப் பேப்பர் வந்தா கொண்டாங்க மதினி, எங்கப்பாக்குக் காட்டணும். அவருதான் ஒங்களச் சொல்லிக்கிட்டே இருக்காரு”ன்னா.

இப்பச் சொல்லு, நான் யாருக்காவது கெடுதல் செஞ்சேனா? ரெண்டு பேரு நிம்மதியாத் தூங்கினோம்.

அப்பறம் ஆகஸ்டுல ஒரு நாளு, ரிஸ்வானா மேசையில இருந்த புதுப் பாக்கெட் தீந்துட்டு. தாங்கில இருந்து ஒரு குழாய எடுத்து, ஒப்புக்குத் தன் ரத்தத்தையே விட்டா. இருவது நிமிஷம் ஆச்சு. சாய்ச்சா. ஓடுது.

புள்ளைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. “அக்கா, எனக்கு ரத்தத்துல எதோ வியாதி”ங்கா. எனக்கும் பதறிட்டு. அவ தலையத் தாங்கி உக்காரவச்சு, தண்ணி குடுத்து, வீட்டுக்குப் போன் போடவான்னு கேக்கேன். அவ குடிக்கல. குழாயவே பாத்துக்கிட்டு இருந்தா. தாங்கில இருந்து இன்னொரு காலிக் குழாய எடுத்தா. எடுத்து, மூக்குக்கிட்டக் கொண்டுபோனா. “அக்கா, எலுமிச்சம்பழ வாசனை வருது”ன்னா.

நான், “ஆமா, நல்ல சோப்புத்தூள்தான் போட்டேன்”னேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?

அவ கத்தல. கத்தியிருந்தா நான் ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுத்திருப்பேன். மெதுவாச் சொல்லுதா. வெறுங்கண்ணாடி பட்டாத்தான் ரத்தத்துக்கு ஒறையணும்னு தோணுமாம். சோப்பு எத்தன தடவ அலசினாலும் கண்ணு காணாத படலமா ஒட்டிக்கிட்டே இருக்குமாம். ரத்தம் கண்ணாடியத் தொடவே தொடாதாம். அதனால நல்ல ரத்தமும் ஒறையாதாம். அதான் கழுவாதீங்கன்னாளாம். எப்பிடி இருக்கு கதை? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இருவத்தாறு வருஷம் என் கண்ணாடியில ஒரு கொறை இல்ல, இவ வெஷத்துக்கு மட்டும் கொறை வந்துட்டாம்.

வேதநாயகம் சார் கூப்பிட்டாரு. “எழுதிக் குடுங்க செல்வக்கனி, தெரியாமக் கழுவிட்டேன்னு. ஒரு வரி போதும்”னாரு. முடியாதுன்னுட்டேன். தெரியாம என்ன, தெரிஞ்சுதான் கழுவினேன், நல்லாத்தான் கழுவினேன். மடியில கனமில்ல, வழியில எனக்கென்ன பயம்? அந்த ரிஸ்வானா நடுவுல வந்து, “சார், தப்பு என் மேலதான். குழாய நான் எண்ணி வச்சிருக்கணும்”னா. யாரு கேட்டா இவ பெருந்தன்மைய? வெளிய வந்து, “அக்கா, நான் ஒங்க மேல கோவப்படல. ஒங்க தம்பி வெவரம் எனக்குத் தெரியும்”னு கையப் புடிக்கா. உதறிட்டு வந்துட்டேன். என் தம்பிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

மூணு மாச வேலைய ஒரு மாசத்துல திரும்பச் செஞ்சா. குழாயெல்லாம் இப்ப பூட்டுக்குள்ள. நான் பக்கத்துலயே போகல. போன வெள்ளிக்கெழமை ஒரு பேப்பரக் கொண்டாந்து குடுத்தா. இந்தா, இதான், மாலைக்கு அடியில வச்சிருக்கேன். இங்கிலீஷுல இருக்கு. நீ படிச்சவ, வாசிச்சுப் பாரு. என்ன எழுதியிருக்குன்னு அவளே சொல்லிட்டா. நம்ம பாம்புக்குக் கொஞ்சம் கூடுதலா மருந்து வேணுமாம். ஆனா கேக்குதாம். சீக்கிரமாப் போட்டா நல்லாவே கேக்குமாம்.

அந்த ‘சீக்கிரமா’வ அவ வேணும்னேதான் சொன்னா.

இதத்தான் இப்ப லிங்கபுஷ்பத்துக்கிட்டக் குடுக்கப்போறேன். பேப்பர் கேட்டா, இந்தா பேப்பர். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவங்கப்பாவுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. ‘இதுல எல்லாம் போட்டிருக்கு’ன்னு குடுத்துட்டு, மாலையப் போட்டுட்டு, சாப்பிட்டுட்டு வந்துருவேன். பொய் சொல்லுதேனா? இல்லையே. எல்லாம் போட்டுத்தானே இருக்கு. ஏன், நீ என்ன அப்பிடி ஜன்னலப் பாத்துக்கிட்டே வாரே? தப்புங்கியா? யாருக்கு நட்டம்?

நேத்து அவ போன் போட்டா. நாலு நாளைக்கு முன்னால பக்கத்துத் தோட்டத்துல ஒரு விரியன அடிச்சாங்களாம். அவளும் அவ மகளும் அந்த வழியாத்தான் தெனமும் காய் பறிக்கப் போறாளுவ. “பயமா இருக்கு மதினி. கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன செய்ய, அந்த மருந்துதான் நமக்குக் கேக்காதே. ஊர் பூராச் சொல்லிட்டேன், எங்க மதினி லேப்புல கண்டுபிடிச்சதுன்னு. இப்ப எல்லாரும் வெஷம் முறிக்கும்னு நாட்டு வேரு வாங்கி வச்சிருக்கோம்”னா.

ஊர் பூரா என் பேச்சக் கேக்குது, பாத்தியா? விவரம் தெரிஞ்சவன்னு ஒரு மரியாதை.

நான் என்ன சொல்லியிருக்கணுங்கே? சிக்னல் சரியில்லன்னு போன வச்சிட்டேன். நேத்து ராத்திரி தூக்கமில்ல. வயித்துக் கோளாறு திரும்ப வந்துட்டு.

சரி அத விடு. அன்னா கொளத்தாங்கரை வந்துட்டு, இனிமே பத்து நிமிஷந்தான். நான் கோயில் ஸ்டாப்புல எறங்குவேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கினா வீடு பக்கம்தான், ஆனா நான் எறங்கறதில்ல. அந்த வாசலப் பாக்க எனக்குப் புடிக்காது. நீ எங்கன எறங்கணும்?

ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?

வேலையா?

நர்சா. டீச்சர்னுல்லா நெனச்சேன். சொல்லக் கூடாதாம்மா மொதல்லயே? ஆமா, நான் எங்க ஒன்னயச் சொல்ல விட்டேன்.

ஒண்ணு கேக்கேன், சொல்லுதியா? யாருகிட்டயும் இதக் கேட்டதில்ல. கேக்கணும்னு தோணல. அங்க அந்த மருந்து இருக்கா? பாம்புக்கடி மருந்து.

எப்பவுமா? ஃப்ரிட்ஜுலயா? எத்தன குப்பி? பத்தா.

அது இப்பம் இருக்கும். போன வருஷம் இருந்திருக்காது. இந்த ஊர்ல கரண்டு எந்நேரமும் போகும், கெட்டுப்போயிருக்கும். இல்ல, தீந்து போயிருக்கும். புரட்டாசியில…

இருந்துச்சா?

அன்னைக்கி இருந்துச்சுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? அன்னைக்கி நீ பாத்தியா? என்னயப் பாத்துச் சொல்லு. வெளியப் பாக்காத, என்னயப் பாரும்மா.

வீல்சேரத் தள்ளிக்கிட்டு வந்தது நீதானா?

எட்டு மாசம்னு சொன்னது நீதானா.

நடுத்தேரின்னு சொன்ன உடனே ஒனக்குத் தெரிஞ்சு போச்சா? தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் கேட்டுக்கிட்டே வந்தே? கன்னத்துல ஒண்ணு குடுத்திருக்கலாம்லா.

அழாத. ஏய், நீ எதுக்குட்டீ அழுதே? என்னது? ‘நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கணும், போனக் குடுத்திருக்கக் கூடாது’ன்னா? ஒரு வருஷமா நீ இத நெஞ்சுல வச்சுக்கிட்டா இருக்கே? போடி கோட்டி. நீ எட்டு மாசப் புள்ள, சரியாத்தான் சொன்னே. ஊசி போட்டு அனுப்புதோம்னே. நான்தான் சர்வீசக் கேட்டேன். போன அவகிட்டக் குடுன்னு சொன்னது நான். ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டியா? ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணினவ நான், நீ எதுக்கு அழணும்?

மூக்கத் தொடச்சுக்கோ. கண்டக்டர் பாக்காரு.

அந்தப் பேப்பர இப்பிடிக் குடு. வாசிச்சிட்டேல்லா? இதத் தமிழ்ல லிங்கபுஷ்பத்துக்கு வாசிச்சுச் சொல்லணும். வேண்டாம், நீ வாசிக்க வேண்டாம், நானே சொல்லுதேன். எனக்கு மனப்பாடம். நீ பக்கத்துல மட்டும் நில்லு, டூட்டிக்கு அர மணி நேரம் லேட்டானா நான் வந்து பேசுதேன். மொதல்ல அந்த வேர எல்லாத்தையும் தூக்கி வெளிய போடச் சொல்லணும். பொறவு அவ என்னயப் போன்னு சொன்னா நான் போயிருவேன். மாலைய நீ போட்டுரு.

கண்டக்டர் தம்பி, விசில் அடி! ஆஸ்பத்திரி ஸ்டாப்பு ரெண்டு பேரு எறக்கம்.

கையப் புடிச்சுக்கோ, எறங்குவோம். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. நான் கழுவின குழாய்ல அழுக்கு இருந்துச்சுன்னு மட்டும் ஒருத்தியும் சொல்ல முடியாது.